பழைய டொல்பின் வானுக்குள் படுக்கையும் அடுப்பும்: லீற்றருக்கு எத்தனை ஓடுகிறது என்று எப்படிச் சரியாகப் பார்ப்பது?

கிளிநொச்சி_டொல்பின்

எங்களிடம் இருப்பது டொயோட்டா ஹைஏஸ், எல்லாரும் டொல்பின் என்று சொல்கிற அந்த உயரக் கூரை வான். 2.8 லீற்றர், த்ரீ எல் என்கிற டீசல் எஞ்சின், ஐந்து கியர். பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பலகைப் படுக்கை, காஸ் அடுப்பு, 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கூரையில் கரியர், பக்கத்தில் இழுத்துக் கட்ட ஒரு படங்கு என்று ஓடும் வீடாக மாற்றி வைத்திருக்கிறோம். மடுத் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல், சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம், பிள்ளைகளின் லீவுக்குத் திருகோணமலை என்று எங்கே போனாலும் அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்து எழும்பி வருவோம்.

பிரச்சினை டீசல். ஒரு தடவை கணக்குப் பார்த்தால் லீற்றருக்கு 9 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது, அடுத்த தடவை ஆறரை. வானும் அதுதான், ஓடுவதும் நான்தான், கூடுதலாக ஓடுகிற ரோட்டும் ஏ9 தான். எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல் எதைத் திருத்துவது? ஒருவர் இன்ஜெக்டரை மாற்று என்கிறார், ஒருவர் டயரை மாற்று என்கிறார், இன்னொருவர் வானையே மாற்று என்கிறார். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வான்களின் விலையே எங்கேயோ போய்விட்டது, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகும் புதியது வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியம் இல்லை. ஆகவே இந்த வானைத்தான் வைத்திருக்கப் போகிறோம். முதலில் கணக்கை எப்படிச் சரியாக எடுப்பது, பிறகு எதில் முதல் கை வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா_சந்தி

எண்ணெய்க் குழாயில் பூட்டுகிற காந்தம் ஒன்று இருக்கிறது அண்ணை, என் கூட்டாளி ஒருவர் பூட்டி லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூட ஓடுகிறது என்றார். பெரிய விலையும் இல்லை. அதைப் பூட்டிப் பாருங்கள், மற்ற வேலைகளைப் பிறகு பார்க்கலாம்.

ஒட்டுசுட்டான்_கணக்கு

காந்தத்தைப் பிறகு பார்ப்போம். இப்போது ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆடுகிற கணக்கை வைத்துக்கொண்டு எதைப் பூட்டினாலும் அது வேலை செய்ததா இல்லையா என்று உங்களால் சொல்லவே முடியாது. இரண்டு கிலோமீற்றர் கூடியதாகத் தெரியும், ஆனால் உங்கள் அளவையிலேயே இரண்டரைக் கிலோமீற்றர் பிழை இருக்கிறது.

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள், வீட்டில் பழைய வான் இருக்கிறது, கொப்பி வைத்துக் கணக்கு எழுதுகிறேன். முறை ஒன்றும் புதிதில்லை. டாங்கியை நிரப்புங்கள், மீற்றரை எழுதுங்கள், ஓடுங்கள், திரும்ப நிரப்புங்கள், இரண்டாம் தடவை எத்தனை லீற்றர் போனதோ அதுதான் நீங்கள் ஓடிய தூரத்துக்கு எரிந்த டீசல். பிழை வருவது 'நிரப்பு' என்ற இடத்தில்தான். பம்ப் முதல் தடவை தானாக நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல விட்டுக் கழுத்து வரை நிரப்பினால் ஒரு நாள் இரண்டு லீற்றர் கூடப் போகும், அடுத்த நாள் போகாது. நிலம் சரிந்திருந்தாலும் அப்படித்தான், ஆகவே முடிந்தவரை ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், வான் நிற்கிற பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். இப்போது பாருங்கள், நிரப்புவதில் இரண்டு லீற்றர் முன்னே பின்னே இருந்தால், 20 லீற்றர் அடிக்கும்போது அது 10 வீதப் பிழை, 50 லீற்றர் அடிக்கும்போது 4 வீதம்தான். கால் டாங்கி எரிந்தவுடன் நிரப்பிக் கணக்குப் பார்க்கிறவர்களுக்குத்தான் எண் இப்படித் துள்ளும். நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்களோ தெரியாது, ஆனால் நீங்கள் சொல்கிற ஆட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இடையில் 5 லீற்றர், 10 லீற்றர் என்று அடித்தால் பயப்படத் தேவையில்லை. எழுதி வையுங்கள், அந்த நேரம் வகுக்க வேண்டாம். அடுத்து எப்போது முழுதாக நிரப்புகிறீர்களோ அப்போது இடையில் அடித்த எல்லாவற்றையும் கூட்டி, முழு டாங்கியிலிருந்து முழு டாங்கி வரை ஓடிய தூரத்தை வகுங்கள். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தானே, நிரப்பவே முடியாது, அந்த நாட்களில் எங்கள் கொப்பியில் பக்கம் பக்கமாக அரைகுறை அடிப்புகள்தான் இருக்கின்றன. ஆனாலும் கடைசியில் ஒரு முழு நிரப்பு வந்தவுடன் கணக்கு நேராகிவிட்டது.

இன்னொன்று, இதைப் படித்தவர்களே பிழையாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவை வந்த கிலோமீற்றர் எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்தத் தூரத்தை மொத்த லீற்றரால் வகுக்க வேண்டும். 100 கிலோமீற்றர் லீற்றருக்கு 10 ஓட்டத்தில் போய், 100 கிலோமீற்றர் லீற்றருக்கு 6 ஓட்டத்தில் வந்தால் சராசரி 8 இல்லை. போக 10 லீற்றர், வர 16.7 லீற்றர், மொத்தம் 26.7 லீற்றரில் 200 கிலோமீற்றர், அதாவது 7.5 தான். இதனால்தான் நான் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்றும் பக்கத்தில் எழுதுவேன். காசு போவது லீற்றரில், கிலோமீற்றரில் இல்லை. 6 ஓடுகிற வானை 8 ஆக்கினால் 100 கிலோமீற்றருக்கு 4 லீற்றருக்கு மேல் மிச்சம், 12 ஓடுகிற காரை 14 ஆக்கினால் ஒரு லீற்றரும் கொஞ்சமும்தான் மிச்சம். இரண்டும் 'இரண்டு கிலோமீற்றர் கூடியது' என்றுதான் சொல்லப்படும். பாரமான பழைய வான் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இந்த வேலையில் உண்மையான பலன் இருக்கிறது, ஆகவே விட்டுவிடாதீர்கள்.

மாங்குளம்_கராஜ்

ரீச்சர் சொன்னதற்கு மேல் ஒன்று. முதலில் மீற்றர் சரியா என்று பாருங்கள் தம்பி. டொல்பினுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் டயர் அளவை மாற்றியிருப்பார்கள். 185 ஆர் 14 இருக்க வேண்டிய இடத்தில் 195 ஆர் 14 போட்டால் சில்லின் சுற்றளவு இரண்டு வீதத்துக்கு மேல் கூடிவிடும். அப்படியென்றால் நீங்கள் ஓடிய தூரத்தை மீற்றர் குறைத்துக் காட்டும், வான் உண்மையில் ஓடுவதைவிடக் குறைய ஓடுவதாகக் கணக்கு வரும். தேய்ந்த டயர் என்றால் மறுபக்கம். ஏ9 இல் கிலோமீற்றர் கல் இருக்கிறது, கனகராயன்குளத்துப் பக்கம் நேரான ரோட்டில் 20 கல்லுக்கு மீற்றர் எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள். போனில் ஜிபிஎஸ் வைத்தும் பார்க்கலாம். வித்தியாசத்தை ஒருமுறை கண்டுபிடித்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் பிறகு அதால் பெருக்கிக்கொண்டு போகலாம்.

வான் சம்பந்தமாகச் சில கேள்வி. ஓடும்போது வெப்ப முள் எங்கே நிற்கிறது? கறுப்புப் புகை இருக்கிறதா? நேர் ரோட்டில் கியரை எடுத்துவிட்டால் வான் தானாக எவ்வளவு தூரம் உருள்கிறது? கடைசியாக வால்வு இடைவெளி எப்போது பார்த்தது?

கிளிநொச்சி_டொல்பின்

நன்றி ரீச்சர், நன்றி அண்ணை. டயர் 195 தான், கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற தகட்டில் என்ன இருக்கிறது என்று காலையில் பார்க்கிறேன். வெப்ப முள் 'சி'க்கு மேல் கொஞ்சம் ஏறி அதிலேயே நிற்கும், நடுவுக்கு வராது. அது நல்லதுதானே, எஞ்சின் சூடாகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புகை இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் கறுப்பு. உருள்வதைப் பார்த்ததில்லை. வால்வு இடைவெளி எங்கள் கையில் வந்த பிறகு பார்க்கவே இல்லை.

மாங்குளம்_கராஜ்

முள் நடுவுக்கு வராதது நல்லதில்லை. உங்கள் எஞ்சினில் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கிற சாமான், இல்லை என்று நினைக்கிறேன், யாரோ முன்பு கழற்றி எறிந்திருப்பார்கள். இங்கே வெயில் கூட, எஞ்சின் சூடாகும் என்று பயந்து கழற்றுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. எஞ்சின் 80 பாகைக்கு மேல் சூட்டில் ஓடத்தான் செய்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஓடினால் ஒயில் தடிப்பாகவே இருக்கும், உராய்வு கூடும், எரிய வேண்டிய டீசலின் சூடு தண்ணீர் வழியே ரேடியேற்றருக்குப் போகும், சிலிண்டரும் கெதியில் தேயும். இன்னொரு விசயம், டொயோட்டாவின் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம் ஒரு சுற்று வழியை மூடுகிற வேலையும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி வரும். அதாவது சாதாரண ஓட்டத்தில் குளிர்ந்து கிடக்கும், பாரத்தோடு ஏற்றத்தில் இழுக்கும்போது சூடாகும். இரண்டு கெட்டதும் ஒன்றாக. விலை குறைந்த சாமான், சரியான அளவு பார்த்து வாங்கிப் போடுங்கள். போட்ட பிறகு முள் ஏறிக்கொண்டே போனால் ரேடியேற்றர் அடைத்திருக்கிறது, அல்லது விசிறிப் பக்கம் குறை, அதைத் திருத்த வேண்டும், தெர்மோஸ்டாட்டைத் திரும்பக் கழற்றக் கூடாது.

விசிறி என்றதும் ஞாபகம் வருகிறது. காலையில் குளிர் எஞ்சினைக் கிளப்பும்போது கொஞ்ச நேரம் விசிறி இரைவது சரி. எந்த நேரமும் லொறி மாதிரி இரைந்துகொண்டே இருந்தால் விசிறியின் நடுவில் இருக்கிற கிளட்ச் இறுகிவிட்டது. தேவையில்லாத நேரமும் எஞ்சின் அதைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பிரேக். இதைப் போன்ற வான்கள் மாதக் கணக்கில் வளவில் நிற்கும், மழைக்கு நிற்கும், பிறகு திடீரென்று மடுவுக்கு வெளிக்கிடும். நின்ற வானில் முன் கலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டும், கை பிரேக் கம்பி உள்ளே துருப்பிடித்து முழுதாக விடாது. ஒரு நீளமான ஓட்டத்துக்குப் பிறகு, கடைசிக் கொஞ்சத் தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் வந்து நிறுத்தி, நான்கு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றதைவிடக் கூடச் சூடாக இருந்தால் அந்தச் சில்லைத்தான் உங்கள் டீசல் சூடாக்கியிருக்கிறது. ஜக் வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாலும் தெரியும்.

இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் இதற்குப் பிறகு. தெர்மோஸ்டாட் இல்லாத, பிரேக் பிடித்த வானுக்கு இன்ஜெக்டர் மாற்றிக் காசைக் கொட்டியவர்களை நான் கனக்கப் பார்த்திருக்கிறேன், மனம் நோகும்.

புதுக்குடியிருப்பு_எல்ஃப்

நான் எல்ஃப் லொறியில் சாமான் கொண்டு திரிகிறவன், பரந்தன் ரோட்டும் மாங்குளம் ரோட்டும்தான் எனக்கு வாழ்க்கை. பாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அண்ணை, 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ. வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு மடுவரைக்கும் காவ வேண்டுமா? 20 லீற்றர் கானில் குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போகிற இடத்துக்குக் கிட்ட நிரப்புங்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்ந்து அதன் இருமடங்குக்குக் கிட்ட வரும், இரண்டு நாளுக்குச் சின்னச் சிலிண்டர் காணும். ஆனால் ஒரு உண்மையும் சொல்ல வேண்டும், பாரம் உங்களைத் தின்பது நின்று நின்று ஓடுகிற இடத்திலும் கிரவல் ரோட்டிலும்தான். ஏ9 இல் ஒரே வேகத்தில் ஓடும்போது 100 கிலோ பெரிய வித்தியாசம் காட்டாது. அங்கே உங்களைத் தின்பது கூரையில் இருக்கிற கரியர்.

பூநகரிக்_காற்று

அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் ஓடுவது ஏ32, சங்குப்பிட்டிப் பாலத்திலிருந்து பூநகரி, வெள்ளாங்குளம், மன்னார்ப் பக்கம். 2011 இல் பாலம் திறந்த பிறகு எங்களுக்கு அந்த ரோட்டு உயிர். இரண்டு பக்கமும் வெட்டை, மரம் இல்லை, காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிற மாதங்களில் இந்த ரோட்டில் உயரக் கூரை வான் ஓட்டினவர்களுக்கு நான் சொல்வது விளங்கும், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கையிலேயே தெரியும்.

காற்றின் தடை வேகத்தோடு நேராகக் கூடாது, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 60 இல் இருப்பதைவிட 80 இல் தடை 1.8 மடங்குக்குக் கிட்ட. இப்போது நீங்கள் 60 இல்தான் போகிறீர்கள், எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வருகிறது என்று வையுங்கள். வானுக்கு அது 80. முள் 60 காட்டும், டீசல் 60 கணக்கில் எரியாது. கூரையில் கரியர், சுருட்டிய படங்கு, தண்ணீர்க் கான் எல்லாம் வைத்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே ஆடி மாதத்தில் கிளிநொச்சியிலிருந்து தெற்கே வவுனியாவுக்குப் போன எண்ணையும், அங்கிருந்து திரும்பிய எண்ணையும் தனித்தனியாகப் பார்த்துக் குழம்பாதீர்கள். போகும்போது காற்று முகத்தில் அடிக்கிறது, ரோட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது. வரும்போது இரண்டும் உங்கள் பக்கம். உங்கள் ஆறரையும் ஒன்பதும் பாதி இதுவாக இருக்கலாம். போய் வந்து ஒரே கணக்காகப் போடுங்கள், கொப்பியில் காற்று என்று ஒரு பத்தி வையுங்கள், சோளகமா வாடையா ஒன்றும் இல்லையா என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

நான் வெளிக்கிடுவது விடிய நாலு, நாலரைக்கு. அந்த நேரம் காற்று அடங்கியிருக்கும், ஏசி தேவையில்லை. மாடு படுத்திருக்கும் என்பதால் வேகமும் தானாகக் குறையும்.

வவுனியா_சந்தி

விடியக் காலையில் எண்ணெய் அடித்தால் டீசல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், கூட எண்ணெய் கிடைக்கும் என்று சொல்கிறார்களே, அதுவும் உண்மையா? சாதாரண டீசலுக்குப் பதில் சுப்பர் டீசல் அடித்தால் கூட ஓடுமா? காந்தத்தைப் பற்றியும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான்_கணக்கு

குளிரில் டீசல் சுருங்குவது உண்மை, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.08 வீதம். ஆனால் பெற்றோல் செட்டில் டீசல் நிலத்துக்கு அடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. ஐந்து பாகை மாறினாலும் 50 லீற்றருக்கு 0.2 லீற்றர். அதற்காக நித்திரை முறிக்கத் தேவையில்லை, பூநகரி அண்ணை சொன்ன காரணத்துக்காக முறிக்கலாம்.

காந்தம், தண்ணீரைப் பிரித்து வாயு எடுக்கிற பெட்டி, மாத்திரை, எதுவாக இருந்தாலும் என் கேள்வி ஒன்றுதான்: அதைப் பூட்ட முன் எத்தனை லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், எந்த ரோட்டு, எந்தக் காற்று? தண்ணீர்ப் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? டைனமோவிலிருந்து. டைனமோவை எது சுற்றுகிறது? எஞ்சின். எஞ்சினை எது ஓட்டுகிறது? டீசல். அந்த வாயு எரிந்து தருகிற சக்தி, அதைப் பிரிக்கச் செலவான சக்தியைவிட எப்போதும் குறைவு. காந்தம் டீசலில் ஒன்றும் செய்யாது, டீசல் காந்தத்துக்கு இழுபடுகிற பொருளே இல்லை. உங்கள் கூட்டாளி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, காந்தம் பூட்டிய கிழமையில் ஆளே மெல்ல ஓடியிருப்பார்.

மாங்குளம்_கராஜ்

சுப்பர் டீசல் கந்தகம் குறைந்தது, புதிய எஞ்சின்களுக்கு அது வேண்டும். பழைய த்ரீ எல்லுக்கு விலை வித்தியாசத்தை மீட்கிற அளவு கூட ஓடாது. நல்ல இடத்தில் தண்ணீர் கலக்காத சாதாரண டீசல் அடித்து, டீசல் ஃபில்ட்டரின் அடியில் சேர்கிற தண்ணீரை நேரத்துக்கு வடித்துவிட்டால் போதும்.

பழைய_சாரதி

எல்லாவற்றையும் வாசித்தேன் பிள்ளைகள். நான் வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்திலும் வாகனம் ஓட்டினவன். 90களில் பெற்றோல் மருந்து மாதிரி. மோட்டார் சைக்கிளுக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ஊரே அந்தப் புகைக்குள்தான் இருந்தது. அந்தக் காலத்து ஞாபகத்தில் இன்னும் சிலர் விலை குறைவு என்று டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். செய்யாதீர்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை, அதுவும் அது பெற்றோல் எஞ்சின். உங்கள் டொல்பினில் இருக்கிற சுழல் பம்புக்குத் தனியாக ஒயில் இல்லை, உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பிசுபிசுப்பு இல்லை. இரண்டு மூன்று மாதம் மிச்சம் பிடித்த காசு பம்ப் தேய்ந்த அன்றைக்கு ஒன்றாகப் போகும்.

ஓட்டுகிற விதத்தைப் பற்றி இரண்டு சொல்லுகிறேன். எஞ்சினை நிற்பாட்டி, அல்லது கியரை எடுத்து உருள விடுகிற பழக்கம் வேண்டாம். கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், எஞ்சின் வேகம் வெறும் ஓட்டத்துக்கு (ஐடிலுக்கு) மேல் இருக்கிற வரைக்கும் பம்ப் டீசலை நிற்பாட்டிவிடும். கியரை எடுத்தால்தான் வெறும் ஓட்டத்துக்கு டீசல் போகும். எஞ்சினை நிற்பாட்டினால் இன்னும் மோசம், டீசல் வானில் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தை எஞ்சினோடு ஓடுகிற சின்னப் பம்ப்தான் தருகிறது. எஞ்சின் நின்றால் இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஏ9 இல் மாடு எந்தப் பற்றைக்குள் இருந்து வரும் என்று யாருக்குத் தெரியும், ஓமந்தை, புளியங்குளப் பக்கம் யானையும் ஏறும்.

தூரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும் என்று தெரியும்தானே, ஏன் கோயிலடி வரைக்கும் மிதித்துக்கொண்டு வந்து கடைசியில் பிரேக் பிடிக்க வேண்டும்? அரைக் கிலோமீற்றர் முதலே காலை எடுங்கள். அந்த வேகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே டீசல் எரித்தாயிற்று, அதைப் பிரேக்கில் சூடாக்கிக் கொட்டுகிறீர்கள்.

புதுக்குடியிருப்பு_எல்ஃப்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. என் லொறியில் ஆள் மாறினாலே எண் மாறும். ஆனால் ஒன்று, மிச்சம் பிடிக்கிறோம் என்று ஐந்தாம் கியரில் 40 இல் உறுமவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கூடாது.

மாங்குளம்_கராஜ்

சரி. த்ரீ எல்லின் இழுவை சுமார் 2,400 சுற்றில்தான் உச்சம். 1,800க்கும் 2,400க்கும் நடுவில் வைத்துக்கொண்டு கியரை மாற்றிப் போனால் எஞ்சினுக்கும் சுகம், டீசலுக்கும் சுகம். நேர் ரோட்டில் ஐந்தாம் கியரில் 60, 65.

கிளிநொச்சி_டொல்பின்

இரவில் நிறுத்திப் படுக்கும்போது ஏசிக்காக எஞ்சினை ஓடவிடுவதைப் பற்றியும் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு வியர்க்கிறது, நுளம்பு வேறு. ஒரு இரவுக்கு எத்தனை லீற்றர் போகும்?

பழைய_சாரதி

லீற்றரை விடுங்கள் தம்பி. நிற்கிற வானுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் கதவு மூடிப் படுக்கவே படுக்காதீர்கள். பழைய வானில் சைலன்சர் ஓட்டை எங்கே இருக்கிறது, பலகை போட்ட தரையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நித்திரையிலேயே ஆள் போய்விடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு வேண்டாம்.

ஒட்டுசுட்டான்_கணக்கு

ஐயா சொன்னதுதான் முதல் காரணம். கணக்காகவும் பார்த்தால், நின்ற இடத்தில் ஏசியோடு மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை போகலாம், எட்டு மணித்தியாலத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஓடாத நேரத்தில் எரிகிற அந்த டீசலும் உங்கள் கிலோமீற்றர் கணக்குக்குள்தான் வந்து விழுகிறது. திருவிழாவுக்குப் போய் வந்த எண் ஆறரையாக இருந்ததற்கு இது ஒன்றே போதும். 100 வாட் சோலர் தகடு, தனி பற்றறி, இரண்டு 12 வோல்ட் விசிறி, யன்னலுக்கு நுளம்பு வலை. தகட்டைக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பூட்டுங்கள், எழுப்பி வைத்தால் அதுவும் காற்றைப் பிடிக்கும். நிழலில் நிறுத்தினால் தகடு வேலை செய்யாது, வெயிலில் நிறுத்தினால் வான் கொதிக்கும், ஆகவே பகலில் ஓடும்போதே பற்றறி நிரம்புகிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சி_டொல்பின்

எல்லாருக்கும் நன்றி, செய்ததைச் சொல்கிறேன். மாங்குளத்து அண்ணை சொன்னது அப்படியே இருந்தது, தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமை. நாங்கள் வாங்க முன்பே யாரோ கழற்றியிருக்கிறார்கள். புதிதாகப் போட்டோம், இப்போது முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நிற்கிறது. பின் இடது சில்லு மற்றதைவிட நன்றாகச் சூடாகியிருந்தது, கை பிரேக் கம்பி உள்ளே துருவேறி விடாமல் இருந்தது, கம்பியை மாற்றி, ட்ரம்மைத் திறந்து சுத்தம் செய்தோம். கதவுத் தகட்டில் இருக்கிற அளவுக்குக் காற்று அடித்தேன், முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு என்று அப்போதுதான் பார்த்தேன். கரியரைக் கழற்றி வளவில் வைத்திருக்கிறேன், படங்கு உள்ளே படுக்கைக்குக் கீழே போகிறது.

மீற்றரைக் கிலோமீற்றர் கல்லோடு பார்த்ததில் 2 வீதம் குறைத்துக் காட்டுகிறது. அதையும் சேர்த்து, போய் வந்து ஒன்றாக, முழு டாங்கியிலிருந்து முழு டாங்கி, காற்றுப் பெரிதாக இல்லாத நாட்கள்: 9.4. பழைய எண்களை ரீச்சர் சொன்ன முறையில் திரும்பக் கூட்டிப் பார்த்தால் 7.8 வருகிறது. அதாவது 100 கிலோமீற்றருக்கு இரண்டு லீற்றருக்கு மேல் மிச்சம். எது எவ்வளவு தந்தது என்று பிரிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் ஒரே கிழமையில் செய்துவிட்டோம்.

இன்னும் இழுக்கும்போது கொஞ்சம் கறுப்புப் புகை இருக்கிறது. இப்போது இன்ஜெக்டரைப் பார்க்கலாமா?

மாங்குளம்_கராஜ்

நல்ல வேலை தம்பி. இன்ஜெக்டருக்கு முன் எயர் ஃபில்ட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் முல்லைத்தீவுப் பக்கம் கிரவல் ரோட்டில் எல்லாம் போகிறீர்கள், செம்புழுதி அடைத்திருந்தால் காற்றுப் போதாமல் கறுப்புப் புகைதான் வரும். காற்றடித்துத் தட்டித் திரும்பப் போடுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது, கடதாசி கிழிந்தால் புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும். பிறகு வால்வு இடைவெளி. அதற்குப் பிறகும் புகை இருந்தால் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவுகிறதா ஒழுகுகிறதா என்று டீசல் பம்ப் வேலை செய்கிற இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பம்பில் சீல் வைத்த ஸ்குரூ உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இழுவை காணாது என்று யாராவது அதைத் திருகி டீசலைக் கூட்டியிருந்தால் புகைக்கு அதுவே காரணம்.

வருச வரி எடுக்க முன் புகைப் பரிசோதனை செய்கிறோமே, அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதில் புகையின் அளவு எண்ணாக இருக்கிறது. போன வருசத்துத் தாளையும் இந்த வருசத்துத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எஞ்சின் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

ஒட்டுசுட்டான்_கணக்கு

9.4 நல்ல எண். இனி ஒரு வேண்டுகோள், அடுத்த வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஃபில்ட்டர் மாற்றிவிட்டு இரண்டு முழு டாங்கி ஓடுங்கள், பிறகு வால்வு, பிறகு இரண்டு முழு டாங்கி. அவசரம் இல்லை. இந்த இழையை வாசிக்கிற மற்ற டொல்பின்காரருக்கு எது உண்மையில் பலன் தந்தது என்று உங்கள் கொப்பியைப் பார்த்துச் சொல்ல முடியும். சோளகம் தொடங்கினால் எண் குறையும், அதைப் பார்த்து இன்ஜெக்டர் வாங்க ஓடாதீர்கள், போன சோளகத்து எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வவுனியா_சந்தி

ரீச்சர், நானும் கொப்பி தொடங்கிவிட்டேன். என்னிடம் இருப்பது பெற்றோல் வான், பம்ப் முதல் தடவை நிற்கிற இடம் ஒரே பெற்றோல் செட்டிலேயே பம்புக்குப் பம்ப் மாறுகிறது. இதற்கு என்ன செய்வது?

ஒட்டுசுட்டான்_கணக்கு

ஒரே பம்பைப் பிடியுங்கள், அங்கே ஆள் இருந்தால் கொஞ்சம் காத்திருங்கள். ஒரு தடவை மாறிப் போனாலும் பரவாயில்லை, இந்தத் தடவை குறைய விழுந்தது அடுத்த தடவை கூட விழும், கூட்டிக்கொண்டே போனால் அது தானாகச் சமன் ஆகும். ஐந்தாறு முழு டாங்கி சேரும் வரைக்கும் எண்ணைப் பார்த்து ஒன்றும் வாங்காதீர்கள்.